மூணே அரைக்கால்

தென்கிழக்குக் காற்று கிளம்பிவிட்டால் ஹாடக் தீவிலிருந்து ஒரு போட்டும் கடலுக்குப் போகாது. ஆம்பளைகள் எல்லாம் கரையில் கிடப்பார்கள். சிங்கிறால் பிடிக்கிற கூட்டைச் சரி பண்ணுகிறேன் என்று ஆரம்பித்து, மிதவைக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று போய், கடைசியில் ஹார்லனின் கொட்டகையில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஊர்க்கதை மென்றுகொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளும் நேரே அங்கேதான் ஓடும். அடுப்பும் உண்டு, வெல்லப்பாகு பிஸ்கட்டும் உண்டு. வகுப்பில் நடந்த சங்கதி பொழுது சாய்வதற்குள் தீவு முழுக்கத் தெரிந்துவிடும். போன வாரம் ஆர்டித் தும்மும்போது பல்செட் ஆடியது வரைக்கும் தெரிந்துவிட்டது.

ஆர்டித்தான் அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒரே டீச்சர். ஒரே அறை, ஒரே கரும்பலகை, ஏழு பிள்ளைகள். முன்பல் விழுந்த ட்வைலா முதல் வகுப்பு. மீசை அரும்பப் பார்க்கும் கர்ட்டிஸ் ஆறாம் வகுப்பு. ஒரு பக்கம் ஒன்றும் இரண்டும் எண்ணிக்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் பின்னம் ஓடும். இத்தனை வருஷத்தில் அவளுக்கு அது பழகிப்போய்விட்டது. அடுப்பில் இரண்டு சட்டியைப் பார்த்துக்கொள்கிற மாதிரிதான்.

முந்தின நாள் சாயங்காலமே சொல்லி அனுப்பியிருந்தாள்: "நாளைக்கு அளவுப் பாடம். வீட்டுல எதை வச்சு எதை அளக்கறாங்களோ அதை ஒண்ணு கொண்டாங்க."

காலையில் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பும்போதுதான் லோட்டி டீலின் நினைப்பு வந்தது. அந்தப் பிள்ளை எதைக் கொண்டுவரும்? அவள் அப்பன் ராய்ஸ் டீல் போட்டை விற்றபோது கூடு, கயிறு, கத்தி, பித்தளைச் சாமான் எல்லாம் சேர்த்துத்தான் கொடுத்தான். இப்போது பக்கத்துத் துறைமுகத்தில் யாரோ ஒருத்தன் போட்டில் பின்னால் நின்று கூட்டுக்கு இரை அடைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை தபால் படகில் வீட்டுக்கு வருவான், ஞாயிற்றுக்கிழமை போய்விடுவான். எல்லாரும் ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரும்போது லோட்டி மட்டும் வெறுங்கையோடு நின்றால் நன்றாக இருக்குமா?

ஆர்டித் திரும்பி உள்ளே போனாள். எல்டன், அவள் புருஷன், காற்று நாள் என்பதால் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். கதவுக்குப் பின்னால் அவனுடைய எண்ணெய்க் கோட்டு தொங்கியது. பையில் கையை விட்டு, சிங்கிறால் அளக்கிற பித்தளைப் பட்டையை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

போன இலையுதிர் காலத்தில் ராய்ஸ் வீட்டுக்கு வந்த கேட்டை இங்கே சொல்லிவிட வேண்டும். சிங்கிறாலைப் பிடித்தால் கண்குழியிலிருந்து முதுகு ஓட்டின் முனைவரைக்கும் மூணே கால் அங்குலம் இருக்க வேண்டும். பட்டையின் வாய்க்குள் அடங்கிவிட்டால் குட்டி. அதைக் கடலிலேயே போட்டுவிட வேண்டும். சட்டம் சொல்வது கிடக்கட்டும், சட்டம் இல்லாவிட்டாலும் இந்தத் தீவில் அப்படித்தான். குட்டியை விற்கிறவன் பக்கத்து வீட்டுக்காரனின் நாளைய சோற்றைத் தின்கிறவன். ஒரு பெரும் காற்றுக்கு மறுநாள், ராய்ஸின் நங்கூர மிதவையில் ஒரு மரப்பெட்டி மாட்டிக் கிடந்தது. பிடித்ததை உயிரோடு போட்டுவைக்கிற மிதக்கும் பெட்டி. திறந்து பார்த்தால் முழுக்கக் குட்டி. ராய்ஸ் தலையில் அடித்துக்கொண்டான், என்னுடையது இல்லை என்றான். யார் கேட்டது? அவன் மிதவைகள் ஒவ்வொன்றின் கட்டையிலும் கயிற்றை எடுத்து இரண்டு சுருக்கு முடிச்சு போட்டார்கள். இந்தக் கடலில் அதுதான் எச்சரிக்கை. வாயால் யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்கும் அவன் போட்டைக் கரையில் கட்டிப் போடாமல் மறுபடி கடலுக்குப் போனான். அடுத்த முறை மிதவைக் கயிற்றிலேயே கத்தி வைத்தார்கள். ஒரு பக்கத்துக் கூடு அத்தனையும் அடியிலே போயிற்று. ஹார்லன்தான் முன்னால் நின்றான் என்று எல்லாருக்கும் தெரியும். ஹார்லன் பக்கத்தில் எல்டனும் நின்றான்.

*

"என்ன காத்து டீச்சர், எங்க வீட்டுக் கோழியைக் காணோம்," என்றாள் ட்வைலா, உள்ளே வந்ததும் வராததுமாக.

"கோழி எங்கயும் போயிருக்காது. குதிரைக் கொட்டாய்ல பாரு. ஷூவைத் துடைச்சிட்டு வா."

ஜன்னல் கண்ணாடியில் உப்பு படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. இரும்பு அடுப்பில் ஆர்டித் இரண்டு கட்டையைப் போட்டாள். ஈரக் கையுறைகள் அடுப்புக்கு மேலே வரிசையாகத் தொங்கின, கம்பளி வேகிற வாசம் அடித்தது. கொடிக்கு வணக்கம் சொல்லி முடித்ததும் கர்ட்டிஸ் சுவரில் இருந்த காற்றழுத்த மானியைத் தட்டிப் பார்த்து, பெரிய மாலுமி மாதிரி, "இன்னும் இறங்குது. நாளைக்கும் எவனும் போக மாட்டான்," என்றான்.

"எவனும்னு சொல்லாத."

"யாரும் போக மாட்டாங்க."

அளவுப் பாடம் தொடங்கியது. ட்வைலா மாவு அளக்கிற தகரக் கோப்பையைக் கொண்டுவந்திருந்தாள். "எங்க அம்மா இதுல ரெண்டு போடுவா. பாட்டில்ல இருக்கறதை அளக்கறதுக்கு அப்பா வேற வச்சிருக்கார், அதைத் தொடக்கூடாதுன்னுட்டாங்க." அலென் வீட்டு இரட்டையர் ஆழம் பார்க்கிற ஈயக்குண்டுக் கயிற்றைக் கொண்டுவந்து, வாசல்வரைக்கும் விரித்து, யாருக்கு எந்த முனை என்று அடித்துக்கொண்டார்கள். கர்ட்டிஸ் சட்டைப் பையிலிருந்து அவன் அப்பன் ஹார்லனின் பித்தளைப் பட்டையை எடுத்து மேஜையில் டக்கென்று வைத்தான்.

லோட்டி தன் இடத்தில் கையை மடிக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயசுப் பிள்ளை, போன வருஷத்திலிருந்து தானாக வாயைத் திறப்பது கிடையாது. ஆர்டித் அவள் பக்கமாகப் போய், யாரும் கவனிக்காத மாதிரி பட்டையை மேஜையில் வைத்தாள்.

"நீ இதை அள, லோட்டி. ரெண்டு பட்டையும் ஒரே அளவுதானான்னு பார்ப்போம். வாயோட உள்பக்கம் அளக்கணும். அளந்துட்டு பலகையில எழுது."

கர்ட்டிஸ் மரக்கோலை வைத்து ஒரே பார்வையில் அளந்துவிட்டுப் போய், பலகையின் இடது பக்கத்தில் எழுதினான்: மூணே கால்.

லோட்டி கோலை வைத்தாள். எடுத்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுபடி வைத்தாள். ஆர்டித் அவள் தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். கோலின் சின்னக் கோடுகள் அவளுக்கு நன்றாகத் தெரிந்தன. மூணைத் தாண்டி ஒரு கோடு. இரண்டாவது கோட்டுக்குப் பட்டையின் வாய் எட்டவே இல்லை, கால் அங்குலத்தில் பாதி குறைந்தது. மூணே அரைக்கால்.

முதலில் அவளுக்குக் கோல் தப்பு என்றுதான் தோன்றியது. அடுத்த நொடியே குனிந்து பட்டையைப் பார்த்தாள். பட்டையின் ஒரு கொக்கி உள்பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தது. சாய்ந்த இடத்தில் இடுக்கியின் பல் பதிந்த தடம். வாயை நெருக்கிவிட்டால் குட்டியும் பெரியது என்று தேறிவிடும்.

லோட்டி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. எழுந்து போனாள், சாக்பீஸை எடுத்தாள், கர்ட்டிஸ் எழுதியதற்குக் கீழே அழகாக எழுதினாள்: மூணே கால்.

"ஏ லோட்டி, இவ்வளவு நேரமா அளக்கறதுக்கு?" கர்ட்டிஸ் பெஞ்சைத் தள்ளிக்கொண்டு வந்தான். "இங்க குடு. ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சுப் பார்த்தா முடிஞ்சு போச்சு."

"எனக்கு அளக்கத் தெரியும். நீ போடா."

"அதுல என்ன வளைஞ்சிருக்கு?"

"ஒண்ணும் வளையல."

அவள் பட்டையை ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டாள். கர்ட்டிஸ் அவள் பையைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், பிறகு டீச்சரைப் பார்த்தான். அந்தப் பையன் எழுத்தில் மந்தம்தான், ஆனால் பித்தளைப் பட்டையைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. "தேய்ஞ்சா வாய் பெருசாத்தானே ஆகும்," என்று தன்பாட்டுக்குச் சொன்னான். "நெருக்கணும்னா இடுக்கில வச்சு..."

"வாசிப்புப் புத்தகத்தை எடுங்க," என்றாள் ஆர்டித்.

அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

*

பாடம் பாட்டுக்கு நடந்தது. இரட்டையரில் ஒருவன் தேன்கூட்டைத் திருடப் போன கரடிக் கதையை வாசித்தான். "கரடிக்கு எதுக்கு டீச்சர் தண்டனை? அதுக்குப் பசிச்சுது," என்று ட்வைலா வழக்கு பேசினாள். பூகோள நேரத்தில் ஆர்டித் வரைபடத்தை விரித்துக் கடற்கரையைக் காட்டினாள். அச்சடித்தவர்கள் ஹாடக் தீவை விட்டுவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஆர்டித்தே மசியால் ஒரு புள்ளி வைத்தாள். ஒவ்வொரு தடவையும் எல்லாரும் வந்து அந்தப் புள்ளியை விரலால் தொட்டுவிட்டுப் போக வேண்டும், அது பழக்கம். லோட்டியும் தொட்டாள். பாட்டு நேரத்தில் பியானோவின் செத்துப்போன கட்டை வருகிற இடத்தில் எல்லாரும் சேர்ந்து 'டொக்' என்று கத்தினார்கள். லோட்டி மட்டும் கத்தவில்லை. அவள் ஒரு கையைப் பையை விட்டு எடுக்கவே இல்லை.

ஆர்டித் பாடிக்கொண்டே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். யாராவது கொடுத்த பழைய பட்டையாக இருக்கலாம். கீழே விழுந்து வளைந்திருக்கலாம். கீழே விழுந்தால் இடுக்கியின் பல் எப்படிப் பதியும்? இருபது வருஷமாகக் கூட வாழ்கிற ஆள். மீன் நாற்றத்தோடு வந்தாலும் பொய் நாற்றம் அடித்தது இல்லை என்று தங்கையிடம் பெருமை பேசியிருக்கிறாள்.

மத்தியானம் பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்தன. இன்றைக்குச் சூப் முறை ட்வைலா அம்மாவுடையது. சோளமும் உருளைக்கிழங்கும் பாலும் போட்ட சூப்பு, மேலே பன்றிக் கொழுப்பு மொறுமொறுவென்று மிதந்தது. ஆர்டித் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தனக்கு எடுக்கும்போது, பின்பக்க விறகுக் கொட்டாயில் யாரோ இருமினார்கள். எல்டனின் இருமல்.

போனாள். கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். எல்டன் தலையிலிருந்து மழை சொட்ட நின்றிருந்தான். கையில் அவள் சாப்பாட்டு டப்பா.

"மறந்துட்டுப் போயிட்ட."

"மறக்கல. இன்னைக்கு சூப் நாள். உனக்குத் தெரியும்."

அவன் டப்பாவை விறகின் மேல் வைத்தான். "என் கோட்டுப் பையில கை வச்சியா?"

"வச்சேன். பிள்ளைங்களுக்கு அளவுப் பாடம்."

"குடு அதை."

"என்கிட்ட இல்ல. லோட்டிகிட்ட இருக்கு."

எல்டன் விறகின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். காற்று கொட்டாயின் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"ராய்ஸ் மககிட்டயா? உனக்கு வேற பிள்ளையே கிடைக்கலையா ஆர்டித்?"

"அவ வெறுங்கையா நிப்பாளேன்னு எடுத்துட்டு வந்தேன். நீ சொல்லு. எவ்வளவு நாளா நடக்குது?"

"இஞ்சின் போச்சுல்ல, அந்த வருஷம் ஆரம்பிச்சது. அந்த ஒரு சீசன்தான்னு நினைச்சேன்."

"அந்தப் பெட்டி?"

அவன் தொப்பியைப் பிழிந்தான்.

"எல்டன், அந்தப் பெட்டி யாரோடது?"

"நான் கொண்டு போய் வைக்கல. சத்தியமா வைக்கல. தெற்குக் குடாவுல கட்டியிருந்தேன். அந்தக் காத்துல கயிறு அறுந்துபோச்சு. அதுவா இழுத்துக்கிட்டுப் போய் அவன் மிதவையில மாட்டிக்கிச்சு. காலையில நான் போறதுக்குள்ள ஹார்லன் பார்த்துட்டான். நான் என்ன பண்ணச் சொல்ற?"

"என்னோடதுன்னு சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா இப்ப நாம எங்க இருப்போம்? நீ இந்தப் பள்ளிக்கூடத்துல நிப்பியா?"

"நீ ஹார்லன் பக்கத்துல நின்னியே."

"நிக்காம இருந்தா சந்தேகம் வரும்."

ஆர்டித்துக்கு வந்தது கோபமா அவமானமா என்று பிரித்துப் பார்க்க அவளால் அப்போது முடியவில்லை. "நான் பீன்ஸ் சட்டியைத் தூக்கிக்கிட்டு ராய்ஸ் வீட்டுக்குப் போனேன், எல்டன். குளிர்காலம் முழுக்கப் போனேன். அவன் பொண்டாட்டி வாங்கிக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? உங்க வீட்டுக்காரர் மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டார்னு சொன்னா."

எல்டன் எழுந்தான். சட்டைப் பையிலிருந்து இன்னொரு பட்டையை எடுத்தான். பளபளவென்று புதுசு. "இது போட்டுல இருக்கறது. அதிகாரி வந்தா காட்டறது. சரியான அளவு. இதை அந்தப் பிள்ளைகிட்ட மாத்திக் குடுத்துடு. பலகையில அவ என்ன எழுதினா?"

"மூணே கால்."

அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது. "அப்ப முடிஞ்சுபோச்சே! பலகையிலயும் மூணே கால், பட்டையும் மூணே கால். பிள்ளைங்க பேச்சை யாரு கேக்கப்போறா? இனிமே நான் குட்டியைத் தொட மாட்டேன், ஆர்டித். இந்தக் கையால தொட மாட்டேன்."

அவள் வாங்கிக்கொண்டாள். ஏன் வாங்கினாய் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வீடு, புருஷன், இந்த அடுப்பு, இந்தப் பலகை எல்லாம் அந்தப் பித்தளைத் துண்டில் இருந்தது. ஏப்ரனின் வலது பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் சூப்பு ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது.

*

பலகைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கும் சுட்டுக்கோலை எடுக்கப் போனவள் அப்படியே நின்றாள். கோலின் நுனியில் ஒரு துண்டுக் கயிறு. இரட்டையரின் ஈயக்குண்டுக் கயிறு மாதிரிதான் இருந்தது. இரண்டு சுருக்கு முடிச்சு, ஒன்றை ஒட்டி ஒன்று, இறுக்கமாக.

அவள் திரும்பிப் பார்த்தாள். கர்ட்டிஸ் ஸ்லேட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். காதுமடல் சிவந்திருந்தது. சின்ன வயசிலிருந்து இந்தப் பையனுக்கு மூக்கு துடைத்து விட்டவள் அவள். அவன் ஊர் செய்கிற மாதிரிச் செய்திருக்கிறான், வேறென்ன?

கயிற்றை அவிழ்க்கவில்லை. அதே கோலால் நட்சத்திர மீனின் படத்தைச் சுட்டிக் காட்டி, "கை அறுந்தா மறுபடி முளைக்கும்," என்று பாடம் சொன்னாள்.

"தலை அறுந்தா?" என்றாள் ட்வைலா.

"அதுக்குத் தலையே கிடையாது."

"அப்ப அது எப்படிக் கணக்கு போடும்?"

எல்லாரும் சிரித்தார்கள். படம் வரையச் சொல்லி உட்கார வைத்துவிட்டு, ஆர்டித் லோட்டியைக் கோட்டு மாட்டுகிற இடத்துக்குக் கூப்பிட்டாள். ஈரக் கோட்டுகளுக்கு நடுவே இரண்டு பேரும் நின்றார்கள்.

"கோலு என்ன காட்டுச்சு லோட்டி?"

"மூணே கால்."

"நான் உன் பின்னாலதான் நின்னேன்."

லோட்டி பூட்ஸைப் பார்த்தாள்.

"ஏன்மா மாத்தி எழுதின?"

"கயிறை அறுத்துடுவாங்க டீச்சர்." அந்தப் பிள்ளை மெதுவாக, பெரியவர்களுக்குப் புரிய வைக்கிற மாதிரிச் சொன்னது. "ராத்திரிலதான் வந்து அறுப்பாங்க. காலையில போனா கடல்ல ஒண்ணுமே இருக்காது. அப்பா வந்து சமையல் கட்டுல உக்காந்துக்கிட்டார். அம்மா காபி வச்சு வச்சு ஆறிப்போச்சு. அப்புறம் கடையில யாரும் பேச மாட்டாங்க. உங்ககிட்டயும் பேச மாட்டாங்க. நீங்க பாவம்."

ஆர்டித்தின் விரல் ஏப்ரன் பைக்குள் நல்ல பட்டையின் மேல் இருந்தது. மாற்றிக் கொடுக்க ஒரு நொடி போதும். இந்தப் பிள்ளை அதையும் வாங்கிக்கொண்டு, அதையும் யாரிடமும் சொல்லாது. வளர்ந்து கிழவியாகிச் சாகிறவரைக்கும் சொல்லாது. அதைத்தான் ஆர்டித்தால் தாங்க முடியாமல் போயிற்று.

"போய்ப் படம் வரை," என்றாள்.

*

பள்ளிக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. பகல் முழுக்கப் பலகையின் இடது பக்கம் எழுதினது அப்படியே இருக்கும். வீட்டுக்குப் போகும் முன்னால் எல்லாரும் சேர்ந்து சரி பார்ப்பார்கள். தப்பை விட்டுவிட்டு ஒருத்தரும் வீட்டுக்குப் போகக்கூடாது. அது ஆர்டித் வைத்த சட்டம்தான்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. கரையில் சும்மா கிடந்த ஆம்பளைகளில் சிலர் பிள்ளைகளுக்கு மழைக்கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். முன்னால் ஹார்லன், கதவு உயரத்துக்கு. அவனுக்குப் பின்னால் இரட்டையரின் அப்பா. அவனுக்கும் பின்னால் எல்டன். அவனுக்குப் பிள்ளை கிடையாது, மழைக்கோட்டும் கொண்டுவரவில்லை.

"இன்னும் முடியலையா டீச்சர்?" என்றான் ஹார்லன்.

"இடப்பக்கம் பாக்கி இருக்கு. நில்லுங்க."

ட்வைலாவின் கோப்பைக் கணக்கு சரி. இரட்டையரின் கயிற்றுக் கணக்கில் ஒரு பாகம், ஆறடி, கூடியிருந்தது, அழித்து எழுதினார்கள். கர்ட்டிஸின் மூணே கால் சரி.

ஆர்டித் சுட்டுக்கோலைத் தூக்கி அடுத்த வரியில் வைத்தாள். கோலின் நுனியில் இரண்டு முடிச்சும் எல்லாருக்கும் தெரிந்தது. வாசலில் ஹார்லனின் கண் மகன் பக்கம் போயிற்று. கர்ட்டிஸ் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடினான்.

"பட்டையைக் குடு, லோட்டி."

லோட்டி பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "நான் சரியாத்தான் எழுதியிருக்கேன் டீச்சர்."

"இல்லம்மா. குடு."

அவள் கொடுத்தாள். ஆர்டித் வலது பையிலிருந்து நல்ல பட்டையையும் எடுத்து இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மரக்கோலை எடுத்து அளந்தாள். மறுபடியும் ஒரு தரம் அளந்தாள். பிறகு லோட்டியின் எழுத்தை உள்ளங்கையால் அழித்துவிட்டு, தன் கையெழுத்தில் எழுதினாள்: மூணே அரைக்கால்.

சாக்பீஸை மேஜையில் வைத்தாள்.

"அது யாரோடது டீச்சர்?" என்றாள் ட்வைலா. கேட்க வேறு ஆள் இல்லை.

"எங்க வீட்டோடது."

கர்ட்டிஸ் மெதுவாகத் தலையைத் தூக்கினான். முகம் வெளுத்துப் போயிருந்தது. "அப்ப... போன வருஷத்துப் பெட்டி?"

"அதுவும் எங்க வீட்டோடதுதான். காத்துல அறுந்துக்கிட்டுப் போயி ராய்ஸ் மிதவையில மாட்டிக்கிச்சு. எங்களுக்குத் தெரியும், சொல்லல." எனக்கு இன்றைக்குத்தான் தெரியும் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வாசலில் இரட்டையரின் அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தான். எல்டன் அங்கே இல்லை. படியில் அவன் பூட்ஸ் தடத்தில் தண்ணீர் தேங்கிக்கொண்டிருந்தது.

லோட்டி கையைத் தூக்கினாள். போன வருஷத்துக்கு அப்புறம் வகுப்பில் அவள் கையைத் தூக்கியது இதுதான் முதல் தடவை.

"சொல்லு."

"நான் தப்பா எழுதினதுக்கு மார்க் குறைப்பீங்களா டீச்சர்?"

"குறைப்பேன்," என்றாள் ஆர்டித்.

லோட்டி சரி என்று தலையாட்டிவிட்டுப் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தாள். ஹார்லன் உள்ளே வந்தான். அவன் நடந்தால் அந்தத் தரை அதிரும். மகனைத் தாண்டி நடந்து, லோட்டியின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். கர்ட்டிஸின் மழைக்கோட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். தொப்பியை எடுத்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கயிறு அறுத்த கையில் தொப்பி, வைக்க இடம் தெரியாமல் தொங்கியது.

லோட்டி அவனை அண்ணாந்து பார்த்தாள்.

"என்கிட்ட வேணாம்," என்றாள். "எங்க அப்பா வெள்ளிக்கிழமை படகுல வருவார். அவர்கிட்ட சொல்லுங்க."

"சரிம்மா," என்றான் ஹார்லன்.